மணல் பூச்சிக் களிம்பு

அன்புள்ள நைனாவுக்கு,

மாலத்தீவிலிருந்து டில்லிபாபுவின் வணக்கம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த ஓட்டல் தீவின் மணலில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. பொழுது சாய்ந்தால் காலைப் பதம் பார்க்கும். "முழுக்கால் பேண்ட் போடுங்கள், களிம்பு தடவுங்கள், மணலில் உட்காராதீர்கள்" என்று விருந்தாளிகளிடம் சொல்வது என் வேலை. அதை நான் அரைக்கால் டவுசரில் நின்று சொல்கிறேன். யூனிஃபார்ம் அப்படி. அவர்கள் எதிரில் சொறியவும் கூடாது.

போன வாரம் ஒரு பெரம்பூர் அக்கா, பூச்சியைத் தமிழில் திட்டிக்கொண்டே காலைப் பிறாண்டினார். "சொறியாதக்கா, புண்ணாயிடும். சோப்பு போட்டுக் கய்வி ஐஸ் வையி" என்று என்னை அறியாமல் நம் பாஷையில் சொல்லிவிட்டேன்.

"இன்னாப்பா, நம்மூரா நீ? என் கால வுட உன் காலு கலீஜா கீதே!" என்று சிரித்தார். கிளம்பும்போது தன் களிம்பை என் கையில் திணித்து, "இது தீர்றதுக்குள்ள வூட்டுக்குப் போய்ச் சேரு" என்றார்.

பாஸ்போர்ட் மேனேஜரிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால், "வேற ஆள் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். அவர் சீட்டு தராமல் படகில் கால் வைக்க முடியாது. கடலோடி பிள்ளைக்கு வந்த வாழ்வைப் பார்!

நீ கடலுக்குப் போட்டுப்போகும் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

விசில் அடிக்கிறார்கள், ஓடவேண்டும். அம்மாவிடம், களிம்பு இருக்கிறது என்று மட்டும் சொல். எவ்வளவு கடித்தாலும் நான் அதைத் திறப்பதில்லை, நைனா. தீர்ந்துவிடக் கூடாது.

உன் மகன்
டில்லிபாபு