அம்மாவின் பெட்டியில் வைத்த கரண்டி

ரூபிணி,

ஜெலாப்பாங்குக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். குக்கரில் சோறு இருக்கிறது, மீன்கறியைச் சூடு பண்ணிக்கொள். சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகாதே.

"யாரக் கேட்டு என் கரண்டிய அம்மா பெட்டியில வச்ச? அது என் பிராஜெக்ட்லா, இப்ப எத அனுப்புவேன்?" என்று நேற்றுக் கத்தினாய். யாரையும் கேட்கவில்லை. தகனத்துக்கு முன்னால், அம்மா புழங்கினது எதையாவது சவப்பெட்டியில் வையுங்கள் என்றார்கள், வைத்தேன். எரிந்துபோனது. டிகிரி முடித்த எனக்கு, அது உன் ஆறாம் படிவப் பரீட்சைப் பொருள் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தப்புதான்.

மேசைமேல் மரத்துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதே மாதிரி தடித்த பிடியோடு இன்னொன்று செய். டீச்சரிடம் நான் பேசுகிறேன்.

அக்கா

இடமில்லை, பொடியாக எழுதுகிறேன். உன் ஃபைலில் 'பயன்படுத்தியவர் கருத்து' பக்கம் காலியாகக் கிடக்கிறது. இதை எழுது: கடைசிப் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அம்மா, பக்கவாதம் வந்த அதே கையால் அந்தக் கரண்டியைப் பிடித்து, தானே மூன்று வாய் கஞ்சி குடித்தார். ஊட்டப்போன என்னை, "நீ விடு, சின்னவ எனக்குன்னு செஞ்சது" என்று தள்ளிவிட்டார். அன்றைக்கு நீ பள்ளிக்கூடப் பட்டறையே கதி என்று வராமல் இருந்துவிட்டாய். அந்த ஆத்திரத்தில்தான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.