மின்னாள் பேசினாளாம்

ஜூன் 2, ஞாயிறு
மாட்டுங்காவில் வெங்கி வீட்டில் வழக்கமான ஆட்டம். அவன் கதை சொல்லிக்கொண்டு போவான். வந்தனா, சாய்நாத், நான் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவோம். இன்று விளக்கு கிடைத்துவிட்டது! ஒளிந்திருப்பதையெல்லாம் காட்டும் மந்திர விளக்கு. காவல் பூதம் விலை கேட்டது. சாய்நாத் வாளைத் தர மறுத்தான். வந்தனா யோசித்தாள். என் பாத்திரமான மின்னாள் தன் குரலையே கொடுத்தாள். இனி அவளுக்குப் பேச்சு கிடையாது, ஜாடைதான். "பைத்தியமா நீ?" என்றான் வெங்கி, அசந்துபோய். சயான் ஸ்டேஷன் வரும்வரை ரயிலில் நின்றபடி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு
அம்பர்நாத்தில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் வேறு, நாளே போயிற்று. ஆட்டத்துக்கு வரமுடியாது என்று வெங்கியிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்
வந்தனாவிடமிருந்து மெசேஜ். நான் இல்லாதபோது வெங்கி என் மின்னாளையும் சேர்த்து ஆடியிருக்கிறான். அவள் சாய்நாத் முன்னால் மண்டியிட்டு, "இதைச் சுமக்கும் தகுதி எனக்கில்லை, வீரரே" என்று சொல்லி விளக்கை நீட்டினாளாம்.

சொன்னாளாம்! எந்தக் குரலில்? நான் கொடுத்த விலை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. விளக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதைவிட — மண்டியிட்டாளா? மின்னாளா? யாரைக் கேட்டு?

ஜூன் 16, ஞாயிறு
நேரில் போய்க் கேட்டேன்.

"அவளுக்குப் பேச்சு கிடையாதுங்கறதே மறந்து போச்சுடி," வெங்கி சிரித்தான். "ஒரு டயலாக்தானே, விடு."

"மண்டி போட்டது?"

"நீ இருந்திருந்தாலும் குடுத்திருப்பே. நீ அந்த டைப். யாரோடயும் சண்டைக்குப் போகமாட்டே."

"அரே, கேம்தானே," என்றான் சாய்நாத், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கேம்தானே? அப்ப திருப்பிக் குடு."

"அதெப்படி? கதையில நடந்தது நடந்ததுதான்," என்றான் வெங்கி.

வந்தனா வாயே திறக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நான் அந்த டைப்பாம். ரெண்டு வருசமா எதுக்க உக்காந்து ஆடுதேன், என்னைப் பத்தி இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருக்கானா? மூஞ்சியைப் பாரு.

ஜூன் 19, புதன்
நான் வேலை பார்க்கும் செம்பூர் லேபில் சூப்பர்வைசர் யாருக்கோ போனில் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்: சண்டே டியூட்டிக்குப் பூமாரி வந்துவிடுவாள், மறுக்கமாட்டாள். கவுண்டரில் இருந்தபடியே, "என்னை யாரும் கேட்கவில்லையே ஸார், நான் வரமாட்டேன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 23, ஞாயிறு
வெங்கி மெசேஜ்: விளக்கைத் திருப்பித் தருகிறானாம், குரலையும் சேர்த்து. குரலை யார் கேட்டது? அது நானாகக் கொடுத்தது! மண்டியிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் போடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு
பக்கத்து வீட்டுக் கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கு என் கோபத்தைவிடப் பூதத்தின்மேல்தான் அக்கறை. "ஏட்டி, இந்த ஆட்டத்த நாம ஆடக்கூடாதா?"

"கதை யாரு சொல்ல?"

"நீதான்."

அவளோடு வேலை பார்க்கும் உமைராவும் வருவாளாம்.

ஜூலை 14, ஞாயிறு
கலைச்செல்வி வீட்டு மாடியில் எங்கள் இரண்டாவது ஆட்டம். எங்கே ஆடுகிறோம் என்று விசாரித்துக்கொண்டு, படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாள் வந்தனா.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும் பூமாரி. பேசலை."

"ஆமா. பேசல."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு
மழை. உமைராவுக்குக் காய்ச்சல். கதையில் எல்லோரும் குகைக்குள் நுழைய வேண்டிய கட்டம்.

"அவ பார்ட்டையும் நானே ஆடிடட்டுமா?" என்ற வந்தனா, சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் கலைச்செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "ஏட்டி உமைரா, ஒன் ஆளு குகை வாசல்லயே உக்காந்திருக்கா. நீ வந்தாத்தான் உள்ள போவோம்."

இருமல். பிறகு, "அவளுக்கும் காய்ச்சல்னு சொல்லுங்க."

சரி, அவளுக்கும் காய்ச்சல். ஆட்டத்தை நிறுத்திவிட்டு பஜ்ஜி போட்டோம்.