மழையில் சுமந்த வேண்டுதல் பெட்டி

நவ. 18, திங்கள். விடாத மழை.

பழவேற்காட்டில் தொடங்கிக் கடலோரமாகத் தெற்கே நடை. பதினோரு பேர். மூன்றாம் நாள் மாதா கோயில். வேண்டுதல் சீட்டுப் பெட்டி இந்த வருடமும் என் தலையில். பழைய பிஸ்கட் டின், மேலே பாலிதீன். ஊர்க்காரர்கள் எழுதிப் போட்ட நாற்பத்திரண்டு சீட்டு. என்னிடம் ஏன் தருகிறார்கள்? படிக்கத் தெரியாதவன் என்பதால்.

நடையை நடத்தும் லூர்து இன்றும் சொன்னான்: "பூட்டே தேவல்ல. சூசை மாமா பிரிச்சாலும் சீட்ட தலகீயா வச்சி பாத்துகினு இருக்கும்."

எல்லாரும் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆடியிலிருந்து எனக்குப் படிக்கத் தெரியும். மகள் ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்தாள். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பெட்டி போய்விடும். இந்த நோட்டில் ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம். இன்று 'ழை' அழகாக வந்தது. மழை. மழை. மழை.

நவ. 19, செவ்வாய். காற்று, மழை.

முழங்கால் வலி. செருப்பு வார் அறுந்தது. ஏதோ கம்பெனிச் சுவர் கடல் வரை வந்து நிற்கிறது. சுற்றிக்கொண்டு சேற்றில் இரண்டு மணி நேரம். கடற்கரை எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

லூர்துவுக்குக் குடை. பெட்டிக்கு இல்லை.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கல். டின்னுக்குள் தண்ணீர். வருடா வருடம் இதே கதை. சீட்டுகளைப் பிரித்துக் காயப்போடுவதும் என் வேலைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டே விரித்தேன். படிக்கத் தெரிந்த கண் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு சீட்டு, பெரிய எழுத்தில்:

"மாதாவே, பிஜயை அப்பா ஏற்க வேண்டும். இல்லை என்றால் அப்பாவை விட்டுப் போக எனக்குத் தைரியம் தா. ஸ்டெல்லா."

பிஜய். ஒடிசாக்காரன். ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்கு முடியாது என்கிறேன். என் தலையில் ஏற்றியே என்மேல் புகார்!

போன். அவள்தான்.

"இன்னாப்பா, பொட்டி நனஞ்சிதா?"

"நனஞ்சா உனுக்கு இன்னா?"

"சும்மா கேட்டேன்."

கட் செய்தேன்.

சீட்டைக் கடலில் எறிய வாசல் வரை போனேன். இன்னொரு தரம் பார்த்தேன். மற்றதெல்லாம் கோழிக் கிறுக்கல். இது மட்டும் எனக்குப் பாடம் எழுதித் தருவது போல, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு. மாதாவுக்கு எதற்குப் பெரிய எழுத்து?

தூக்கம் இல்லை.

நவ. 20, புதன். தூறல்.

கோயில். லூர்து எண்ணினான்.

"நாப்பத்தொண்ணுதான் கீது. ஒண்ணு எங்க மாமா?"

"அது எனுக்கு வந்த லெட்டரு. எடுத்துகினேன்."

"உனுக்கா? எவன் எயுதுவான்? நீ படிச்சிடுவியாக்கும்!"

சுவரில் பூசை நேரப் பலகை. முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். திணறித் திணறி, கடைசி வரி வரை. பத்துப் பேரும் வாய் பிளந்து நின்றார்கள். என்ன சுகம்! அடுத்த வருடம் பெட்டி எனக்கில்லை. போகட்டும்.

வெளியே உட்கார்ந்து ஒரு தாள் கிழித்தேன். எழுதி வந்ததற்கு எழுதித்தான் பதில்.

"ஸ்டெல்லா, அவனை வீட்டுக்கு வரச் சொல். பேசிப் பார்க்கிறேன். கோபம் போகவில்லை. அப்பா."