கோட்டையைக் கேட்டார்களா?

வார்பர்க், ஸ்வீடன்
15.11.1964

அன்புள்ள ஜெயசீலிக்கு,

நான் சுகம். நம் இரண்டு வீட்டார் சுகமும் அறிய ஆவல். நான் வேலை பார்க்கும் கப்பலின் எஞ்சின் பழுது. சரியாகும்வரை இந்தத் துறைமுக ஊரில்தான் இருப்போம். கடலோரத்தில் பெரிய கோட்டை ஒன்று இருக்கிறது. டென்மார்க்காரர்கள் கட்டியதாம். சண்டையில் தோற்றதும் ஊரோடு சேர்த்து ஸ்வீடனிடம் கொடுத்துவிட்டார்களாம். சனங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிட்டது! எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த வாரம் நம் கல்யாணம். அதற்குள் பம்பாய் வந்துவிடுவேன்.

உன் மிக்கேல்ராஜ்


தாராவி, பம்பாய்
7.12.1964

அன்புள்ள அத்தானுக்கு,

தாலி ஏறுமுன்பே அத்தானா என்று சிரிக்க வேண்டாம். நேற்றுப் பூசையில் நம் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். “தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்று உபதேசியார் சொன்ன நேரம் பார்த்து உங்கள் தம்பி ஏசுதாஸ் இருமித் தொலைத்தார். கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. புடவை மாதுங்காவில் எடுத்தாயிற்று.

கோட்டையைப் பற்றிச் சிரிக்கிறீர்களே, அந்தச் சனங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? விசாரித்து எழுதுங்கள்.

அன்பு மறவாத,
ஜெயசீலி


வார்பர்க்
18.12.1964

அன்புள்ள ஜெயசீலி,

இங்கே கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. விட்டால் மறுபடி வராது. இரண்டு வருடம் கழித்து வருகிறேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடும்படி அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். நீ எங்கே போய்விடப் போகிறாய்? காத்திரு.

மிக்கேல்ராஜ்


தாராவி
14.1.1965

மிக்கேல்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஊர்ச் சொந்தமெல்லாம் வி.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கியாயிற்று. கல்யாணம் நின்றால் மானம் போகும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓலை வாசித்தார்கள். என் பெயர் சரி, அப்பா பெயர் சரி. மாப்பிள்ளை பெயர் ஏசுதாஸ். உபதேசியார் தப்பாக வாசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பினால், உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “பேசாம இரு புள்ள, அதே வீட்டுக்குத்தான போற” என்றாள் அம்மா.

நேற்றுக் கல்யாணம். பீடத்தின் முன் சாமியார் ஏசுதாஸைக் கேட்டார். பாவம், “சம்மதம்” என்றார். பிறகு சாமியார் என்னைக் கேட்டார். இத்தனை நாளில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். “சம்மதமில்ல சாமி” என்றேன். சொன்னது நான்தானா என்று இன்னும் எனக்கே நம்ப முடியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சனங்களைக் கேட்டார்களா என்று விசாரிக்கச் சொன்னேன். நீங்கள் விசாரிக்கவே இல்லை. என்னையும் கேட்காமல்தான் காத்திரு என்று எழுதினீர்கள். அதற்கும் என் பதில் அதுவேதான்.

ஜெயசீலி