நாயகத்தின் பதக்கம்

மாசி 10, புதன்

விடியும்போது பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பெரிய டீச்சர் (இனிமேல் பெ.டீ., முழுதாக எழுத அவளுக்குத் தகுதியில்லை) டீச்சர்கள் எங்களையே ஒட்டடை அடிக்க வைத்தாள். இன்ஸ்பெக்டர் வரவில்லை. தும்மல்தான் மிச்சம்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

சாயங்காலம் தம்பி படித்த காலேஜிலிருந்து கடுதாசி. ஐப்பசியில் வாந்திபேதி கண்ட ஊர்களுக்குப் போய் ஊசி போட்டு, கிணறுகளுக்கு மருந்து போட்ட ஆசிரியர்கள், ஆபீஸ்காரர்கள், மாணவர்கள் எல்லாரையும் ஆண்டு விழாவில் கௌரவிக்கிறார்களாம். ஆளுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம். தம்பி கோமதிநாயகத்துக்கும் உண்டு. மேடைக்கு வந்து தாயார் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நாயகம் போய் நாலு மாதம். ஊசி போடப் போன இடத்தில் அவனையே பேதி கொண்டுபோயிற்று. வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து மாலையும் மேளமும் உள்ள இடத்துக்கு எந்தத் தாய் போவாள்? அம்மா கோமதியம்மன் சன்னதிக்கே போகவில்லை. அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

மாசி 11, வியாழன்

சொல்லிவிட்டேன். புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பிள்ளைய எடுத்துக்கிட்டு வெள்ளி குடுக்காவளாக்கும்" என்றாள். அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

அம்மா மனதில் கிடப்பது வேறு. அவன் இறந்தது மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டிக்காட்டில். தொற்று நோய், காத்திருக்கக் கூடாது என்று சுகாதார அதிகாரி உத்தரவு. சிவகிரி மாமா போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான். காலேஜ்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டுவந்து சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். பக்கத்து வீட்டுப் புண்ணியவதி துக்கம் கேட்க வந்த இடத்தில், பேதியில் போனவர்களைப் பாயில் சுருட்டிக் குப்பை வண்டியில் அள்ளிப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறாள்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மாசி 13, சனி

நேற்று எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

மத்தியானம் இஸ்மாயில் வந்தான், புளியங்குடிப் பையன், நாயகத்தின் அறைத்தோழன். முன்பெல்லாம் லீவுக்கு லீவு ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வருவான். போன வருஷத்து ஊறுகாய் இன்னும் ஜாடியில். நாயகத்தைத் தவிர யாருக்கும் அவ்வளவு காரம் ஆகாது. இன்று வெறுங்கை. மெலிந்திருக்கிறான்.

அம்மா உள்ளே. என்னிடம்தான் பேசினான். நாயகம் போன முகாமில் இருந்தவர்கள் நாலு பேர்: லெக்சரர் ராஜாமணி, ஆபீஸ் கிளார்க் பிச்சையா, சுடலை என்ற பையன், இவன். நாலு பேருக்கும் பதக்கம். அம்மாவுக்குச் சம்மதமில்லை என்றால் ஒருவரும் வாங்கப்போவதில்லையாம். நாளைக்கு நேரில் வந்து கேட்கிறார்களாம்.

"அம்மா ஏசினாலும் சரிக்கா. வாங்கிக் கட்டிக்கிடுதோம்."

தண்ணீர் குடித்தான். எழுந்தான், போனான். துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' சொல்லக் கூடாது அல்லவா. நாலு மாதமாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். முறைதான், தெரியாதா எனக்கு. ஆனாலும் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இருந்த இடம் காலியாக இருப்பது பொறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, நாயகம் உட்பட.

நாளைக்கு: காப்பித் தூள், சீனி, எதிர்வீட்டில் ஒரு பாய். அம்மா காப்பி கொடுக்க விடுவாளோ என்னவோ.

மாசி 14, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்தார்கள். லெக்சரர் இத்தனை சின்ன வயது என்று நினைக்கவில்லை. அவருக்கும் பிற்பாடு பேதி கண்டு பிழைத்தாராம், முடியெல்லாம் கொட்டியிருக்கிறது. தம்பியை அங்கே கூட்டிப்போனவர் என்று இவரையா நாலு மாதமாகத் திட்டித் தீர்த்தேன். பிச்சையா ஆள் கனம். பாயில் ஒரு ஓரமாகத்தான் உட்கார்ந்தார்.

அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். லெக்சரர் கதவைப் பார்த்தே சம்மதம் கேட்டார். தெருவில் பருத்தி வண்டி ஒன்று போயிற்று.

பிறகு உள்ளேயிருந்து: "எம் பிள்ளைய எந்த வண்டியில கொண்டு போனீய?"

பிச்சையாதான் பேசினார்.

"வண்டி வந்துச்சும்மா. நாங்க ஏத்த விடல. தோள்லதான் கொண்டு போனோம், நாங்க நாலு பேரும்."

ஊரில் ஒருவரும் கிட்ட வரவில்லையாம். இவர்களே குளிப்பாட்டி, லெக்சரரின் புது வேட்டியைப் போர்த்தி, மூங்கில் வெட்டிப் பாடை கட்டியிருக்கிறார்கள். கொள்ளி சுடலை வைத்தான். பிச்சையா இதைச் சொல்லும்போது அந்தப் பையன் தலை நிமிரவில்லை.

அம்மா வெளியே வந்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. தோள்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. இஸ்மாயிலின் தோளில் கையை வைத்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சாம்பல் வந்த அன்றுகூட இப்படி அழவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு, "குடுக்கத வாங்கிக்கிடுங்க. அவனுக்குள்ளத இஸ்மாயில் வாங்கட்டும்" என்றாள். காப்பியும் அவளே போட்டாள். சீனி கூடுதல். எல்லாரும் குடித்தார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. முறைப்படி பேசாமல் எழுந்து செருப்பைப் போட்டார்கள். அம்மா வாசல் வரை போனாள்.

"வாரோம்னு சொல்லிட்டுப் போங்க மக்கா."

லெக்சரர் என்னைப் பார்த்தார். பிச்சையா முதலில் சொன்னார், பிறகு லெக்சரர், சுடலை. இஸ்மாயில் குனிந்து செருப்பு வாரையே சரிசெய்துகொண்டிருந்தான். அவன் சொல்லும் வரைக்கும் அம்மா நகரவில்லை.

மாசி 15, திங்கள்

பனி. பாய் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் இன்று கட்டாயம் வருகிறாராம், பெ.டீ. சொல்லி அனுப்பினாள்.

கிளம்பும்போது தெருவில் வண்டி போயிற்று. அம்மா எழுந்திருக்கவில்லை. புளி உடைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை, அடுக்களைக்குள் போய் அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு லேட்.