கோடையில் பூட்டிய வீடு

அன்புள்ள அம்மாவுக்கு, பெகிமாய் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பிஷ்கெக்கில் நான் நலம்.

அம்மா, வேலை நிரந்தரமாகிவிட்டது! கால்நடை மருத்துவரை அழைக்கும் செயலிக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று திட்டம் அனுப்பியிருந்தது. செயலி என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் அதை விவரக்குறிப்பாக்கித் தந்தால் ஏஐ நிரல் எழுதிவிடும். அதுதான் எனக்கு வைத்த கடைசிச் சோதனை. திட்டத்தை ஏஐயிடமே கொடுத்ததும் பத்தே நிமிடத்தில் அழகான விவரக்குறிப்பு வந்தது. ஆனால் திட்டத்தில் இருந்தபடியே குடும்பத்துக்கு ஒரே முகவரி! கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்.

"கோடையில நாங்க மேய்ச்சல் மலைக்குப் போயிருவோம். டாக்டர் பூட்டுன வீட்டைத்தான் தட்டுவாரு."

எங்கள் குழுத் தலைவி ஜில்திஸ் அக்கா சிரித்துவிட்டார். "இத்தனை நாளா வாயில என்னடி வச்சிருந்தே, மலைக்காரி? மாத்தி எழுது. வேலை உனக்குத்தான்."

இந்த வருடம் நம் கூடாரம் எந்த ஓடைப் பக்கம்? உடனே எழுதுங்கள். செயலியைச் சோதிக்க, கோடை முகவரியாக முதலில் அதைத்தான் பதியப் போகிறேன். தினமும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் பெகிமாய்