தாயுள்ள அநாதைகள்

என் தம்பி தானியேலுக்கு, இடுப்பில் சுமந்து வளர்த்தவள் எழுதுவது.

உன்னை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது. சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் போதகர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றாராம். அவருக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உனக்கென்றால் ஓடுகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர் அச்சுக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

அம்மா போனபோது உனக்கு மூன்று வயது, எனக்குப் பதினொன்று. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று, கால் விரல் இடுக்கெல்லாம் சதை தெரிய வீட்டுக்கு வருவார். நீ அந்தக் காலைப் பார்க்கமாட்டாய். பாயில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். 'நான் அங்க போவமாட்டேன்க்கா' என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்ந்தாய். சொன்னபடியே போகவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து சுற்றுப்பயணம் கிளம்பும் துரைமார்களுக்கு டேராக் கூடாரம் அடிக்கிற வேலையில் சேர்ந்தாய். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வாத்து சுட வந்த துரை ஒருவன் உன் கைவேலையைப் பார்த்துவிட்டு இலங்கைக்குக் கூட்டிப் போனான். நாலு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரு நீளமான கடிதம் வந்தது. மலைமேல் ஏரியோரம் ஒரு மேட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாய், தோட்டத் துரைமார் குடும்பத்தோடு வந்து தங்கப் பன்னிரண்டு டேரா போடப்போகிறாய். அதோடு நிற்கவில்லை நீ. 'ஆம்பூர்ப் பிள்ளைகளை அனுப்பு அக்கா. சமையல், மேசை வைப்பது, படகு தள்ளுவது, இங்கிலீஷ் எல்லாம் பழக்கிவிடுகிறேன். இரண்டே வருஷத்தில் எந்த ஓட்டலிலும் வேலை கிடைக்கும். ஒருத்தன்கூடக் குழிக்குத் திரும்பமாட்டான்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து நான் அழுதேன். உனக்குத் தெரியாது.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி தாண்டுவதற்குள் பிள்ளைகள் தோல் ஷாப்புக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களின் வீடுகளுக்கு நான் நடந்தேன். ஒன்பது பேரைச் சேர்த்தேன். குப்பம்மாவின் மகன் முனுசாமிதான் மூத்தவன், பதினாறு வயது. புருஷன் செத்தபின் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடித்து அவனை வளர்த்தவள் அவள். அரைமணி நேரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தாள். "உங்க தம்பிய எனக்குத் தெரியாது டீச்சர். உங்களத் தெரியும். அதனால அனுப்புறேன்."

ஒன்றரை வருஷம் போயிற்று. எல்லாரும் சுகம் என்ற ஒரு வரிக்கு மேல் உன் கடிதங்களில் ஒன்றும் வராது. பிள்ளைகள் கையால் ஒரு காகிதம் வந்ததில்லை. குப்பம்மா ஞாயிறுதோறும் வந்து நின்றாள். கடைசியில் கோடை விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியது முதல் அவளுக்கு ஓயாத வாந்தி. மகனுக்குக் கொண்டுவந்த பொரிவிளங்காய் உருண்டை டப்பாவை மட்டும் கீழே வைக்கவேயில்லை.

நாங்கள் மேடு ஏறி வந்தபோது சாயங்கால டீ நேரம். மரத்தடியில் துரைசானிகள் உட்கார்ந்திருந்தார்கள். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். பிறகு குப்பம்மாவைப் பார்த்தாய். பட்டை இடித்துக் கறுத்துப்போன கையையும் வெறுங்காலையும் பார்த்தாய். திரும்பி அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னாய்: இவள் என் அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை. அது அவள் வேலைக்காரி.

எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை. நீ கண்ணைக் காட்டியதும் என் பையை வாங்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். நான் உட்கார்ந்தேன், தம்பி. எழுந்து அவளை உட்காரச் சொல்லவில்லை. உன்மேல் சொல்வதற்கு முன் என்மேல் இதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை அங்கி, தலைப்பாகை, காலில் பூட்ஸ். டீத் தட்டோடு முனுசாமி வந்தான். அவனை ஹென்றி என்று கூப்பிட்டார்கள். தாயைப் பார்த்ததும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்த்திக்கொண்டான். ஒரு துரைசானி அன்பாகத்தான் கேட்டாள்: ஹென்றி, உன் கதையை இந்த டீச்சருக்குச் சொல்லேன். அவன் உன்னைப் பார்த்தான். நீ தலையசைத்தாய்.

அவன் சொன்னான். எங்கள் ஊரில் காலரா வந்தது. என் தாய் ரோட்டோரம் விழுந்து செத்தாள். இரண்டு நாள் அவள் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தானியேல் ஐயா வந்து என்னைத் தூக்கினார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அந்த இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. துரைசானி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். குப்பம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. மகன் இங்கிலீஷ் பேசுகிறான்.

"இன்னா டீச்சர் பேசனான்?" என்று என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"ஊரப் பத்தி நல்லா சொன்னான்."

"அவங்கப்பன் இருந்து கேக்கலியே" என்றாள்.

அன்றைக்குச் சமையல் கொட்டகையில் உன்னை நான் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? நீ குரலை உயர்த்தவேயில்லை. முதல் வருஷம் பன்னிரண்டு டேராவில் மூன்றுகூட நிறையவில்லை என்றாய். வந்த ஒரு துரைசானி இவர்கள் அநாதைகளா என்று கேட்டாள், ஆமாம் என்றாய், அடுத்த வாரம் ஏழு டேராவுக்கு ஆள் அனுப்பினாள். அதன்பின் வாசலில் போர்டே மாட்டிவிட்டாய், 'அநாதைப் பிள்ளைகள் பயிற்சி முகாம்' என்று. "தோல் ஷாப் பசங்கன்னு சொன்னா இவனுங்க வெச்ச தட்டத் தொடுவாங்களாக்கா? அநாதன்னா கையப் புடிச்சிக் குலுக்குறாங்க. எது தேவலன்னு நீயே சொல்லு" என்றாய்.

ஆனால் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது சாவு எழுதி மனப்பாடம் செய்ய வைத்தாயே. யார் தாய்க்குக் காலரா, யார் தாய்க்கு வெள்ளம் என்று எங்கே உட்கார்ந்து யோசித்தாய்? எழுதும்போது நம் அம்மா உனக்கு நினைவுக்கு வந்தாளா?

மூன்று நாள் இருந்தோம். துரைமார் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் தாயும் மகனும் பேச விட்டாய். அவன் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது முகாமே வாசலில் நின்றது. முனுசாமி எனக்குக் குனிந்து சலாம் போட்டான். அவளுக்குப் போடவில்லை. வேலைக்காரிக்கு யார் சலாம் போடுவார்கள்? ரயிலில் அவளே அவனுக்காக எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள், பாவம் பையனுக்கு வேலை ஜாஸ்தி, அதுதான் பேச்சு கம்மி என்று.

போன மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சலில் குப்பம்மா செத்தாள். கடைசி நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைத் தள்ளச் சொந்தமென்று ஒருவருமில்லை, நான்தான் தள்ளினேன். முனுசாமியிடம் பக்குவமாகச் சொல் என்று உனக்கு எழுதினேன். 'சொன்னேன் அக்கா. இரண்டு நாள் அழுதான். இப்போது தேறிவிட்டான்' என்று பதில் போட்டாய். நான் நம்பினேன்.

உனக்கு டைபாய்டு என்று தந்தி வந்து நான் ஓடிவருவதற்குள் உன்னைப் புதைத்துவிட்டார்கள். முனுசாமிதான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். மீசை வைத்திருக்கிறான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மா எப்டி கீது டீச்சர்?"

தம்பி, நீ செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த நிமிஷம் நீ உயிரோடு என் முன்னால் நின்றிருந்தால் உன்னை அறைந்திருப்பேன். சீசன் நேரம், துரைமார் நிறைந்திருக்கிறார்கள், பிறகு சொல்லலாம் என்று தள்ளினாயா? அல்லது போர்டுப்படி அவள் ஏற்கெனவே செத்தவள்தானே, இரண்டாம் தரம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாயா?

முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனிடம் சொன்னேன். அவன் மேசைத் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பை முடித்து அடுக்கில் வைத்தான். அடுத்த துணியை எடுத்தபடி கேட்டான்.

"அன்னிக்கி நான் இங்கிலீஷ்ல பேசனது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. நான் சொல்லல."

"சொல்லியிருந்தா அங்கியே என்ன அடிச்சி இழுத்துனு போயிருக்கும்" என்றான்.

மறுநாள் காலையில் எட்டு டேராவுக்கு வெந்நீர் கொண்டுபோய் வைத்தான். அந்தப் போர்டை இறக்கிவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இறக்கினால் எல்லாரும் திரும்பிப்போய்க் குழியில் இறங்க வேண்டும், நீங்கள் இறங்குவீர்களா என்று கேட்டான். இனி முகாமை அவனே பார்த்துக்கொள்கிறானாம், நான் ஊருக்குப் போகலாமாம். பேச்சில் மரியாதை குறையவில்லை. உன்னிடம் பழகியவன் அல்லவா?

துரைமார்கள் சேர்ந்து உனக்குக் கல் வைக்கப்போகிறார்கள். 'அநாதைகளின் தகப்பன்' என்று பொறிப்பதாகப் பேச்சு. அந்த மண்மேட்டின் முன் நின்று எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் பழைய சட்டையைப் பார்த்துத்தான் அழுதேன்.

மற்ற எட்டு வீட்டுக்கும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். போன வாரம் முதல் வீட்டுக்குப் போனேன். ஆறுமுகத்தின் தாய் சின்னப்பொண்ணு, தோல் ஷாப் முற்றத்தில் தோலிலிருந்து மயிர் வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். போர்டைச் சொன்னேன். அவளை நீ பாலாற்று வெள்ளத்தில் கொன்றிருக்கிறாய் என்பதையும், அதை அவள் மகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான் என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வழிக்கிற கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பையன் சாப்புட்றானா டீச்சர்?"

"வயிறார சாப்புட்றான்."

"கை?"

"நல்லா இருக்கு. ஒரு புண்ணு இல்ல."

தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அவங்கிட்ட ஒண்ணியும் சொல்லாதீங்க" என்றாள்.

நீ கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள், தானியேல். கேட்கக்கூட அவளை நீ ஒரு ஆளாக நினைக்கவில்லை. அவளே மனதாரத் தந்திருக்கக்கூடியதைக் கேட்காமல் பறித்தாய். நானும் கூட நின்றேன்.

இன்னும் ஏழு வீடு இருக்கிறது. ஏழுக்கும் போவேன். எங்கேயும் உனக்காகப் பரிந்து பேசமாட்டேன், எனக்காகவும் பேசமாட்டேன். என் பிள்ளை எனக்கு வேண்டும் என்று ஒருத்தி சொன்னாலும் அவளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவேன். முனுசாமி தடுத்தாலும் சரி, அந்தத் துரைசானிகளின் முன்னால் நின்று, இவள் இவனைப் பெற்றவள் என்று அவர்கள் பாஷையிலேயே சொல்வேன்.

உன்னை மன்னிக்கவும் மாட்டாமல், விட்டுக்கொடுக்கவும் மாட்டாமல் ஆம்பூரில் இருக்கிற,
உன் அக்கா எஸ்தர்